ஹிட்லர் காலத்துல தபால் கார்டு எழுதின புருஷன் பொண்டாட்டி: ‘அலோன் இன் பெர்லின்’ நாவல் பத்தி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்குல நாங்க ஒரு சின்ன கூட்டம், மாசத்துக்கு ஒரு நாவல் எடுத்து படிச்சு பேசுவோம், பேசி முடிச்சு மாமாக் கடையில உக்காந்து இன்னும் பேசுவோம். ஹான்ஸ் ஃபல்லாடா எழுதின இந்த நாவலுக்கு வந்த மாதிரி கேள்வி வேற எதுக்கும் வந்ததில்ல, அதுவும் ஒரே கேள்வியவே ஆளாளுக்கு வேற வேற கோவத்தோட கேக்குறாங்க. அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிப் போட்டுடலாம்னு. முடிவு வரைக்கும் எல்லாத்தையும் சொல்லப் போறேன், அதனால படிக்காதவங்க படிச்சுட்டு வாங்க, இல்ல தெரிஞ்சா பரவால்லன்னா மேல போங்க.

கதை என்ன, ரெண்டு வரியில சொல்லுங்க?

ரெண்டு வரியில முடியாது. 1940, பெர்லின், பிரான்ஸ் சரணடைஞ்ச நேரம், ஊரே கொண்டாடுது. ஓட்டோ குவாங்கல்னு ஒரு மரச்சாமான் ஃபேக்டரி ஃபோர்மேன், அவர் மனைவி அன்னா. இவங்களோட ஒரே மகன் போர்ல செத்துட்டான்னு டைப் அடிச்ச கடிதம் ஒண்ணு வருது. அதுக்கப்புறம் இவங்க ரெண்டு பேரும் ஞாயித்துக்கிழமையில வீட்டுல உக்காந்து ஹிட்லருக்கு எதிரா தபால் கார்டு எழுதி, ஊர்ல இருக்கிற கட்டடங்களோட படிக்கட்டுல யாருக்கும் தெரியாம வெச்சுட்டு வர்றாங்க. ரெண்டு வருஷத்துக்கு மேல இது நடக்குது. ஹிட்லரோட ரகசிய போலீஸ் கெஸ்டாப்போ தேடுது, பிடிக்குது, ரெண்டு பேரும் சாகுறாங்க. அவ்ளோதான் கதை, ஆனா புத்தகம் கதைய விட பெருசு, ஏன்னா ஒரே அபார்ட்மெண்ட் கட்டடத்துல குடியிருக்கிற அத்தனை பேரும் உள்ள வர்றாங்க.

உண்மைக் கதையா?

பெரும்பாலும். ஓட்டோ ஹாம்பல், எலிஸ் ஹாம்பல்னு நிஜமாவே ஒரு தம்பதி பெர்லின் வெட்டிங் பக்கம் இருந்தாங்க, 1940ல எலிஸோட தம்பி போர்ல செத்த பிறகு கார்டு எழுத ஆரம்பிச்சாங்க, 200க்கு மேல எழுதினாங்க. பெரிய படிப்பு இல்ல, கார்டெல்லாம் எழுத்துப் பிழையோட இருக்கும். 1942ல மாட்டினாங்க, 1943 ஏப்ரல் 8ஆம் தேதி பிளோட்சன்சே சிறையில ரெண்டு பேரையும் தலை வெட்டிக் கொன்னாங்க. நாவல்ல தம்பிய மகனா மாத்திட்டார், வீட்டையும் வேற ஏரியாவுக்கு கொண்டு போயிட்டார்.

எழுதினவர் பெரிய போராளியா?

இல்லவே இல்ல, எனக்கு இவரப் பத்தி படிச்சப்ப அதுதான் ரொம்ப உறுத்துச்சு. ஃபல்லாடாவோட சொந்தப் பேரு ருடால்ஃப் டிட்சன், 1893ல பிறந்தவர், ஏற்கனவே ஊரறிஞ்ச எழுத்தாளர். நாஜி ஆட்சி வந்ததும் நிறைய எழுத்தாளருங்க நாட்ட விட்டு ஓடினாங்க, இவர் ஓடல. குடி, மார்ஃபின், ரெண்டு பழக்கமும் உண்டு. 1938ல வந்த இவரோட இன்னொரு நாவலுக்கு நாஜி பிரச்சார மந்திரி கோயபல்ஸ் முடிவ மாத்தச் சொன்னதும் மாத்திக் குடுத்தார். அப்படிப்பட்ட மனுஷன் கையில போர் முடிஞ்ச பிறகு கவிஞர் யோஹான்னஸ் பெஹர் மூலமா ஹாம்பல் தம்பதியோட கெஸ்டாப்போ ஃபைல் வந்து சேருது. 1946ல ஒரு மாசம்கூட ஆகாம இத்தனை பெரிய நாவல எழுதி முடிச்சார், 1947 பிப்ரவரியில செத்துட்டார், புத்தகமா வந்தத அவர் பாக்கல.

தலைய குனிஞ்சு போன ஒருத்தர் தலைய குனியாத ரெண்டு பேரப் பத்தி எழுதின புத்தகம் இது. அதனாலதானோ என்னவோ, இதுல குனிஞ்சு போறவங்கள அவர் கேவலப்படுத்தல, ஒவ்வொருத்தருக்கும் அது எப்படி ஆரம்பிச்சதுன்னு பாத்துப் பாத்து எழுதியிருக்கார்.

கார்டு எழுதினா ஆட்சி கவிழுமா, இதெல்லாம் வேஸ்ட்டு இல்லையா?

இந்தக் கேள்வி வராத கூட்டமே இல்ல. ஒரு தம்பி, எஸ்பிஎம் (ஃபார்ம் ஃபைவ் பரீட்சை) முடிச்சவன், வந்த உடனே “அக்கா, ரெண்டு உயிர் போச்சு, ரிசல்ட் என்ன?”ன்னு கேட்டான். ரிசல்ட் நாவல்லயே இருக்கு. மாட்டின பிறகு இன்ஸ்பெக்டர் எஷெரிஷ் ஓட்டோகிட்ட கணக்கு சொல்றான், கார்டும் கடிதமும் சேத்து மொத்தம் 285, அதுல 267 ஜனங்களே கொண்டு வந்து போலீஸ்ல குடுத்துட்டாங்க, வராதது 18. ஓட்டோ அது வரைக்கும் என்ன நினைச்சிட்டு இருந்தார்னா தன்னோட கார்டு கை மாறி கை மாறி போவுது, ஃபேக்டரியில பேசுறாங்க, இன்னேரம் ஊர்ல பாதி பேருக்கு தெரிஞ்சிருக்கும்னு. அந்த 18ங்கிற நம்பர கேக்குற இடம்தான் அந்தப் புத்தகத்துலயே அவர் உண்மையா உடையிற இடம்னு நான் சொல்லுவேன், அடி வாங்கினப்ப கூட அப்படி உடையல.

ஆனா வேஸ்ட்டான்னு கேட்டா, அந்தக் கேள்விய அன்னா ஆரம்பத்துலயே கேட்டுடுறா. இவர் வந்து கார்டு எழுதப் போறேன்னு சொன்னதும் அவளுக்கு ஏமாத்தம், இவ்ளோ சின்ன காரியமான்னு. அதுக்கு அவர் சொல்றது என்னன்னா சின்னதோ பெருசோ மாட்டினா போறது நம்ம தலைதான், அப்புறம் எதுக்கு அளவு பாக்கணும். இதுல ஒரு தர்க்கம் இருக்கு, யோசிச்சுப் பாருங்க, சின்ன எதிர்ப்புக்கும் பெரிய எதிர்ப்புக்கும் ஒரே தண்டனைன்னு ஒரு ஆட்சி வெச்சிருந்தா, எது சின்னதுன்னு முடிவு பண்றது அந்த ஆட்சிதான், நாம இல்ல. ஒரு கார்டுக்கு மரண தண்டனை குடுக்கிற ஆட்சி அந்தக் கார்ட சின்னதா நினைக்கலன்னுதானே அர்த்தம்.

அப்போ கொண்டு போய் குடுத்த 267 பேரும் கோழையா? நாஜியா?

பாதி பேரு நாஜியாவே இல்லாம இருந்திருக்கலாம், அதுதான் சங்கடம். முதல் கார்ட எடுக்கிறவன் ஒரு நடிகன், ஹிட்லர் ஆளுங்க மேல அவனுக்கே கடுப்பு, கோயபல்ஸோட சண்டை போட்டு வாய்ப்பு இழந்தவன். அவனே அந்தக் கார்ட கையில வெச்சுக்கிட்டு நடுங்குறான், வக்கீல் நண்பன்கிட்ட ஓடுறான், ரெண்டு பேரும் சேந்து எழுதினவனத் திட்டுறாங்க, என்ன முட்டாள்டா இவன், மத்தவங்கள மாட்டி விடுறானேன்னு.

அந்தக் கார்ட பையில வெச்சிருந்தாலே ஆபத்து. கிழிச்சுப் போடலாம், ஆனா எடுத்தத யாராவது பாத்திருந்தா? இல்ல இது கெஸ்டாப்போவே ஆள் பிடிக்க வெச்ச பொறியா இருந்தா? அப்ப குடுத்துடுறதுதான் சேஃப். ஒவ்வொருத்தரும் இப்படி தனித்தனியா கணக்குப் போட்டு ஒரே விடைக்கு வர்றாங்க, யாரும் யாரையும் மிரட்டல, யாரும் ஹிட்லர நேசிக்கல, ஆனா கார்டு மட்டும் ஒழுங்கா போலீஸ் மேசைக்கு வந்து சேருது. நம்ம தம்பி ஒருத்தன் இத வாட்சப் ஃபார்வர்டோட ஒப்பிட்டான், எனக்கு ஒத்துக்க முடியல, ஃபார்வர்ட் பண்றவனுக்கு விரல் நோகாது, இங்க அடுத்தவனுக்கு நீட்டுற கையே சாட்சி.

கட்டடத்துக்குள்ளயும் அதே மாதிரி, ஒவ்வொரு மாடிக்கும் ஒவ்வொரு விதமான அடங்கல். பெர்சிக்கெ குடும்பம் நாஜிக் கட்சி ஆளுங்க, குடிகார அப்பன், அதுல கடைசி மகன் பால்டூர் ஹிட்லர் இளைஞர் அணியில வளர்ற பய, பின்னால அப்பனையே குடிகாரங்களுக்கான சிகிச்சை விடுதியில தள்ளிட்டுப் போறான். போர்க்ஹௌசன்னு ஒருத்தன், கொள்கை கிடையாது, காசு குடுத்தா யாரையும் காட்டிக் குடுப்பான். மேல் மாடியில ரோசன்தால் அம்மா, யூதப் பாட்டி, புருஷன ஏற்கனவே கொண்டு போயாச்சு. கீழ ரிட்டயர் ஜட்ஜ் ஃப்ரோம், அவர் அந்த அம்மாவ தன் வீட்டுல ஒளிச்சு வைக்கிறார், ஆனா அவங்களால அந்த ரூம்ல தனியா அடைஞ்சு கிடக்க முடியல, திரும்ப மேல தன் வீட்டுக்கே போயிடுறாங்க, அதோட முடிஞ்சது அவங்க கதை. அந்த அத்தியாயத்த நான் ராத்திரியில படிக்க வேணாம்னு எல்லார்கிட்டயும் சொல்லுவேன்.

ஓட்டோ ஹீரோவா? அவரே முதல்ல ஹிட்லர் ஆதரவாளர்னு சொல்றாங்களே?

ஆமா, வேலை இல்லாம கிடந்தவருக்கு ஹிட்லர் வந்த பிறகு வேலை கிடைச்சது, நல்லதுதானேன்னு நினைச்சவர். கட்சியில சேரல, காரணம் கொள்கை இல்ல, சந்தா குடுக்க மனசு வராத கஞ்சன். பேச மாட்டார், சிரிக்க மாட்டார், ஃபேக்டரியில யாராவது மெஷின விட்டு நகந்தா மொறைப்பார். பக்கத்து வீட்டுல இருந்தா நமக்கே பிடிக்காது.

மகன் செத்த கடிதம் வந்த அன்னிக்கு அன்னா வெடிக்கிறா, நீயும் உன் ஹிட்லரும்னு. அந்த “உன்”ங்கிறது அவர் மண்டைக்குள்ள நாள் கணக்கா சுத்துது, என் ஹிட்லரா, நான் எப்ப அப்படிச் சொன்னேன்னு. மகன் சாவ விட அந்த ஒரு வார்த்தைதான் அவரக் கிளப்புது.

எனக்கு இந்த நாவல்ல சொல்லணும்னு தோணுற ஒரே விஷயம் இதுதான். கீழ்ப்படியிறவன் ஒரு ஜாதி, எதுக்கிறவன் வேற ஜாதின்னு நாம நினைக்கிறோம். ஓட்டோவப் பாருங்க, அவர் எதுக்கிறப்ப எந்த குணமும் மாறல. வேலையில எப்படி கறாரோ அப்படியே கையுறை மாட்டிக்கிட்டு, அச்சு எழுத்து மாதிரி ஒவ்வொரு எழுத்தா, ஆரம்பத்துல ஒரு கார்டுக்கே ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க. யார்கிட்டயும் பேசாத குணம் இப்ப பாதுகாப்பா ஆயிடுச்சு. எங்க வைக்கணும், எந்தத் தெருவுல ஆள் நடமாட்டம், எத்தனை மணிக்குன்னு ஃபோர்மேன் வேலை மாதிரியே பாக்குறார். அந்த ஒழுங்கு, அந்த அமைதி, அதெல்லாம் இருந்ததாலதான் ஆட்சிக்கு இத்தனை வருஷம் நல்ல தொழிலாளியா இருந்தார், அதே குணத்தாலதான் ரெண்டு வருஷம் மாட்டாம இருந்தார். மாறினது எதுக்காக அந்த குணத்த செலவு பண்றார்ங்கிறது மட்டும்தான். கடைசியில அவர் மாட்டினது கூட கொள்கைத் தப்பால இல்ல, கொண்டு போன கார்டு ஒண்ணு தவறி ஃபேக்டரித் தரையில விழுந்துடுச்சு.

ரெண்டு பேரு தனியா எழுதினதுக்குப் பதிலா யூனியன் மாதிரி சேந்து போராடியிருக்கலாமே?

இது எங்க குழுவுல இருக்கிற ஒரு அண்ணன் கேட்டது, பிறை தொழிற்பேட்டையில பல வருஷம் யூனியன் வேலை பாத்தவர், அவருக்கு ஓட்டோ மேல உண்மையாவே கோவம், “ஆள் சேக்காம என்னய்யா போராட்டம்”னார். நியாயமான கேள்வி. நாவல்லயே ஒரு ரகசியக் குழு வருது, செத்துப் போன மகனுக்கு நிச்சயம் பண்ணியிருந்த ட்ரூடல் அதுல இருக்கா. ஆனா அவ ஒரு உணர்ச்சியில ஓட்டோகிட்ட அதச் சொல்லிட்டதும் குழு அவள ஒதுக்கிடுது. அவங்க பக்கமும் நியாயம் இருக்கு, ஒருத்தி வாயத் தொறந்தா மொத்தப் பேரும் காலி. ஆள் சேக்கணும்னா நம்பணும், நம்பினா மாட்டுவ, அந்த ஆட்சியோட சாமர்த்தியமே அதுதான். யூனியன் அண்ணன் இன்னும் சமாதானம் ஆகல, அவர் ஆகவும் வேணாம்.

எதுக்கிறதும் முடியல, கூட நிக்கவும் முடியலன்னா?

ஈவா குளூகெ இருக்கா, தபால்காரி, அந்தச் சாவுச் செய்திய குவாங்கல் வீட்டுக்கு கொண்டு வந்து குடுக்கிறதே அவதான். தன் மகன் எஸ்எஸ்ல, அதாவது நாஜிகளோட ஆயுதப் படையில, சேந்து குழந்தையக் கொன்னதத் தெரிஞ்சுக்கிட்டதும் கட்சியிலேர்ந்து விலகுறா, வேலை போகுது, கிராமத்துக்குப் போய் வயல் வேலை பாக்குறா. கோஷம் இல்ல, கார்டு இல்ல. என்னோட கை இதுல இருக்காதுன்னு எடுத்துக்கிட்டா. எங்க குழுவுல பெண்கள் நிறைய பேருக்கு ஓட்டோ அன்னாவ விட இவளத்தான் பிடிச்சுது.

இன்ஸ்பெக்டர் எஷெரிஷ் கெட்டவனா?

கெட்டது பண்றவன். போருக்கு முன்னாலயே போலீஸ் வேலை பாத்தவன், வேட்டைக்காரன் மாதிரி வேலையில ருசி, எந்த ஆட்சி வந்தாலும் அதே வேலை. பெர்லின் மேப்புல கார்டு கிடைச்ச இடத்துல எல்லாம் சின்னச் சின்னக் கொடி குத்தி வெச்சு பொறுமையா காத்திருப்பான். மேலிடத்துக்கு ஆள் வேணும்ங்கிறதுக்காக ஈவாவோட புருஷன் என்னோ குளூகெங்கிற சம்பந்தமே இல்லாத ஒரு சோம்பேறிய மாட்டி விட்டு, அப்புறம் அது தப்புன்னு வெளிய தெரியாம இருக்க அவன சாகடிக்கவும் செய்றான். அதே மேலிடம் கோவம் வந்தப்ப இவனையே அடிச்சு பாதாள அறையில போடுது. ஓட்டோவப் பிடிச்ச ராத்திரி எஸ்எஸ் காரங்க குடிச்சுட்டு அந்தக் கிழவர் தலையில கிளாஸ அடிச்சு உடைக்கிறாங்க, இவனும் உடைக்கணும், உடைக்கிறான். அதுக்கப்புறம் தனியா உக்காந்து யோசிக்கிறான், இந்த ஆளோட கார்டு எல்லாத்தையும் படிச்சவன் நான் ஒருத்தன்தான், அதனால மாறினவனும் நான் ஒருத்தன்தான்னு. சுட்டுக்கிட்டு செத்துப் போறான். 285ல ஒரே ஒரு வாசகன், அதுவும் போலீஸ்காரன்.

இது நம்ம ஊருக்கு எதுக்கு?

இந்தக் கதை நடக்கிற அதே வருஷங்கள்ல பினாங்குல என்ன நடந்துச்சுன்னு பாருங்க. 1941 டிசம்பர்ல ஜப்பான்காரன் பினாங்க பிடிச்சான், 1945 வரைக்கும் இருந்தான். காவல்ல நிக்கிற சிப்பாய் முன்னால குனியணும், குனியலன்னா அறை. கெம்பெத்தாய் போலீஸ், காட்டிக் குடுக்க ஆளுங்க. எங்க குழுவுல ஒரு பெரியவர் சொல்வார், அவங்க வீட்டுல வாழைமர நோட்டு, ஜப்பான்காரன் அடிச்ச காசு, ரொம்ப நாள் பெட்டியில கிடந்துச்சாம், ஆனா அந்தக் காலத்துல யாரு யாரக் காட்டிக் குடுத்தாங்கன்னு மட்டும் வீட்டுல யாரும் பேச மாட்டாங்களாம்.

நம்ம ஆளுங்களுக்கு அது இன்னும் சிக்கல். ரப்பர் தோட்டத்துல இருந்து ஆயிரக்கணக்கான தமிழர்கள சயாம் (தாய்லாந்து) – பர்மா மரண ரயில் பாதை போட இழுத்துட்டுப் போனாங்க, நிறைய பேர் திரும்பல. அதே நேரம் 1943ல நேதாஜி வந்ததும் அதே தோட்டத்துல இருந்து எத்தனையோ பேரு அவரோட இந்திய தேசிய ராணுவம் ஐஎன்ஏவுல சேந்தாங்க, ஜான்சி ராணி படையில பொண்ணுங்க சேந்தாங்க. அவங்க வெள்ளைக்காரனுக்கு எதிரா எழுந்தவங்க, ஜப்பான்காரன் நிழல்ல நின்னவங்க, சிலர் ரயிலுக்குப் போகாம தப்பிக்க சேந்தவங்க, சில பேருக்கு இந்த மூணும் ஒண்ணா இருந்திருக்கும். இதுல யாரு அடங்கினவங்க யாரு எதுத்தவங்கன்னு கோடு போடச் சொன்னா நான் போட மாட்டேன். ஓட்டோவுக்கு ஒரே ஒரு ஆட்சிதான் முன்னால இருந்துச்சு, நம்ம தாத்தா பாட்டிக்கு ரெண்டு, அதுவும் ரெண்டுமே அடுத்தவன் ஆட்சி.

பசங்க படிக்கலாமா? படம் இருக்கா?

ஃபார்ம் ஃபைவ் (பதினேழு) வயசுக்கு மேல படிக்கலாம், அடி உதை, சித்திரவதை, தற்கொலை எல்லாம் இருக்கு. படம் 2016ல வந்துச்சு, எம்மா தாம்சன், பிரெண்டன் கிளீசன் நடிச்சது, பாக்கலாம், ஆனா புத்தகத்துல இருக்கிற அந்த மாடி மாடியான ஜனம் படத்துல ரொம்பச் சுருங்கிடுச்சு.

புத்தகம் எங்க கிடைக்கும்?

இங்கிலீஷ்ல மைக்கேல் ஹாஃப்மன் மொழிபெயர்ப்பு, 2009. அமெரிக்கப் பதிப்புக்கு ‘எவ்ரி மேன் டைஸ் அலோன்’னு பேரு, ரெண்டும் ஒரே புத்தகம்தான், ரெண்டையும் வாங்கிடாதீங்க. எனக்கு சௌரஸ்தா மார்க்கெட் மாடியில பழைய புத்தகக் கடையில கிடைச்சது, பேரம் பேசுங்க.

நிஜ ஹாம்பல் தம்பதி கடைசியில ஒருத்தர் மேல ஒருத்தர் பழி போட்டாங்கன்னு கேள்விப்பட்டேன், அப்போ நாவல் பொய்யா?

கேள்விப்பட்டது சரி. தண்டனைக்கு அப்புறம் குடுத்த கருணை மனுவுல உயிர் பயத்துல ஒருத்தர் இன்னொருத்தரக் கை காட்டினாங்க, ஃபைல்ல இருக்கு. நாவல்ல அது இல்ல, ஓட்டோ அன்னா கடைசி வரைக்கும் ஒருத்தர ஒருத்தர் விட்டுக் குடுக்கல, ஜட்ஜ் ஃப்ரோம் ரகசியமா குடுத்த விஷத்தக் கூட அன்னா தூக்கிப் போட்டுடுறா. புருஷன் எப்பவோ செத்தது தெரியாமலே குண்டு வீச்சுல சாகுறா.

இன்னொரு வெட்டும் இருக்கு. 1947ல பதிப்பகம் ஒரு அத்தியாயத்த எடுத்துடுச்சு, அதுல அன்னா நாஜிப் பெண்கள் அமைப்புல இருந்தவ. அதுலேர்ந்து எப்படிக் கழண்டு வர்றான்னா எதுத்துப் பேசி இல்ல, ஒரு பெரிய எஸ்எஸ் அதிகாரியோட மனைவிகிட்ட போய் நாட்டுக்காக நீங்க ஏன் வேலைக்குப் போகலன்னு ரொம்ப ஒழுங்கான கட்சிக்காரி மாதிரி கேட்டே கழண்டுடுறா! 2011ல ஜெர்மன்ல முழுப் பதிப்பு வந்தப்பதான் அது திரும்ப வந்துச்சு, 2009 இங்கிலீஷ் புத்தகத்துல தேடாதீங்க.

எனக்கு ரெண்டு வெட்டும் பிடிக்கல. அன்னா அந்த அமைப்புல இருந்தவன்னு தெரிஞ்சா அவ கார்டுக்கு மரியாதை குறையும்னு பதிப்பகம் நினைச்சிருக்கு, கூடும்னு நான் நினைக்கிறேன். பழி போட்ட விஷயத்த ஃபல்லாடா விட்டதுக்கு யூனியன் அண்ணன் என்ன சொல்றார்னா, செத்தவங்களோட கடைசி வாரத்த வெச்சு ரெண்டு வருஷத்த அளக்கக்கூடாது, எழுத்தாளன் பண்ணது சரின்னு. நான் அந்த வாரத்தையும் எழுதியிருக்கணும்னு சொன்னேன், ரெண்டு வருஷம் பயப்படாதவங்க கடைசியில பயந்தாங்கன்னா அந்த ரெண்டு வருஷத்தோட விலை இன்னும் நல்லா தெரிஞ்சிருக்கும். அடுத்த கூட்டத்துல இதத்தான் முதல்ல எடுக்கப் போறோம், வர்றவங்க ரோசன்தால் அம்மா அத்தியாயத்தையும் கருணை மனு விஷயத்தையும் யோசிச்சுட்டு வாங்க.